திரையில் தமிழ் தெரியக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

தூதரகங்களின் கலாசாரப் பிரிவுகள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நடத்திய திரையிடல்கள், ஓவியக் காட்சி, உணவு நாள், புலமைப்பரிசில் விளக்கக் கூட்டம் ஆகியவற்றின் தமிழ்ப் பக்க வேலைகளைப் பொறுப்பேற்ற குழுவினர் நாங்கள். மேடை நன்றியுரையில் தூதுவர், பிரதம விருந்தினர், அனுசரணையாளர் ஆகியோரைச் சொல்லி முடிக்கவே நேரம் போய்விட்டது. விடுபட்டவர்களுக்காக இந்த மடல். பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டிருப்பதால் வேலையைச் சொல்லி நன்றி சொல்கிறோம்.

கலாசார உறவை வளர்ப்பது தூதரகத்தின் பணிகளில் ஒன்று என்று 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை 3ஆம் உறுப்புரையிலேயே சொல்கிறது. கொழும்பில் அதன் பெரிய அடையாளங்களை எல்லோரும் அறிவோம்: சீன உதவியில் 1973இல் திறந்த பண்டாரநாயக்க ஞாபகார்த்த மாநாட்டு மண்டபம், ஜப்பானிய உதவியில் 1982இல் தொடங்கிய ரூபவாஹினித் தொலைக்காட்சி, 2011இல் வந்த தாமரைத் தடாக அரங்கு. அவற்றுக்கெல்லாம் பெயர்க்கல் உண்டு. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் வந்து இறங்கும் ஓர் அம்மா, வேற்று நாட்டுப் படமொன்றைத் தமிழ் எழுத்தில் தடங்கலின்றி வாசித்து முடிப்பதற்குப் பின்னால் இருக்கும் வேலைக்குப் பெயர்க்கல் கிடையாது.

முதல் நன்றி கலாசாரப் பிரிவுகளில் வேலை செய்யும் உள்ளூர் உத்தியோகத்தர்களுக்கு. இராஜதந்திரிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிப்போவார்கள். எந்த மண்டபத்தில் எந்தப் பக்கம் மழை ஒழுகும், எந்தப் பாடசாலை அதிபருக்கு எப்போது கடிதம் போடவேண்டும் என்பதெல்லாம் உங்கள் தலையில்தான் இருக்கிறது. வழமையில் நிகழ்ச்சி நிரல் ஆங்கிலத்தில் முடிவாகி, சிங்களம் போய்வந்து, அச்சுக்குப் போகும் வாரத்தில்தான் “இதையும் ஒருக்கா தமிழில் போட்டுத் தாங்கோ” என்று வரும். இம்முறை படங்களின் பட்டியல் முடிவான அன்றே வசனப் பிரதிகளும் முன்னோட்டப் பிரதிகளும் எங்கள் கைக்கு வந்தன. கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்த ஒரு முடிவால்தான் நடந்தது. தமிழைக் கடைசியில் ஒட்டவைத்தால் எவ்வளவு கெட்டிக்காரர்களைக் கூப்பிட்டாலும் ஒட்டாது.

சப்டைட்டில் செய்த தம்பி தங்கைகளுக்கு என்ன சொல்வது! உரையாடல் நிறைந்த படமென்றால் துண்டுகள் ஆயிரத்தைத் தாண்டும். ஒரு துண்டு இரண்டு வரிக்கு மேல் போகக்கூடாது, ஒரு நொடிக்குக் குறைந்தும் ஏழு நொடிக்குக் கூடியும் நிற்கக்கூடாது. ஆங்கிலத்தில் வரிக்கு 42 எழுத்து என்பது பழகிய அளவு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, விகுதி ஏற ஏற இன்னும் நீளும். அதே 42ஐத் தமிழுக்கும் வைத்தால் பார்ப்பவரின் கண் திரையின் அடியிலேயே கிடக்கும், நடிகரின் முகம் தவறிவிடும். நீங்கள் ஏறத்தாழ 30 எழுத்தை எல்லையாக வைத்துச் சுருக்கினீர்கள். யாழ்ப்பாணப் பேச்சா மலையகப் பேச்சா என்று இழுபடாமல், எந்த ஊராரும் தயங்காமல் வாசிக்கக்கூடிய எளிய நடையைப் பிடித்தீர்கள்.

அதைவிடப் பெரிய தலையிடி நேரம். ஐரோப்பியத் தொலைக்காட்சிப் பிரதி நொடிக்கு 25 சட்டகத்தில் (ஃபிரேம்) ஓடும், திரையரங்கப் பிரதி 24இல். முதலாவதில் 96 நிமிடம் ஓடும் படம் இரண்டாவதில் சரியாக 100 நிமிடம் ஓடும். முதலாவதைப் பார்த்து நேரம் குறித்துவிட்டு இரண்டாவதில் போட்டால், முதல் வசனம் பொருந்தும், கடைசி வசனம் நான்கு நிமிடம் முந்திவிடும். இதையாவது சோதனையில் கண்டுபிடித்துவிடலாம். நொடிக்கு 23.976 சட்டகத்துக்கும் 24க்கும் உள்ள வித்தியாசம் நூறு நிமிடத்துக்கு ஆறே நொடிதான். பாதிப் படம் வரை சும்மா இருந்துவிட்டு, உச்சக்கட்டத்தில் கதாநாயகி வாய் திறக்க முன்னமே பதிலைக் காட்டிக்கொடுக்கும். தொடக்கத்தை மட்டும் ஓட்டிப் பார்த்து “ஓகே” சொல்லாமல் நடுவையும் கடைசிப் பத்து நிமிடத்தையும் ஒவ்வொரு படத்திலும் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தனி வணக்கம்.

பிறகு எழுத்து. “கொ”, “கோ” போன்றவற்றில் கொம்பு மெய்க்கு முன்னால் வரவேண்டும். தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாத மென்பொருள் கொம்பைப் பின்னுக்குத் தள்ளும், அல்லது அதன் பக்கத்தில் புள்ளிகளாலான ஒரு வட்டத்தைக் கொண்டுவந்து வைக்கும். திரையரங்கில் சப்டைட்டிலை எழுத்துக் கோப்பாகக் கொடுத்தால் அதைக் கோப்பது அங்குள்ள புரஜெக்டரின் வேலையாகிவிடுகிறது. அது தமிழைச் சரியாகக் காட்டும் என்று நம்பியிருக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு துண்டையும் பிஎன்ஜி வகைப் படக்கோப்பாக மாற்றியே கொடுத்தீர்கள். கோப்பு பருத்தது உண்மைதான், ஆனால் ஓர் எழுத்தும் உடையவில்லை. மடிக்கணினியில் ஓட்டிய சமூக மண்டபங்களுக்குச் எஸ்ஆர்டி எனும் சாதாரண எழுத்துக் கோப்பே போதுமாயிருந்தது. அதை யூடிஎஃப்-8 என்ற யூனிகோட் குறிமுறையில் சேமிக்காவிட்டால் திரை முழுக்கக் கேள்விக்குறிதான் வரும் என்பதை இனி இந்தக் குழுவில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

பெனர் அடித்த அச்சக அண்ணாமாருக்கும் இதே காரணத்துக்காக நன்றி. இந்த நாட்டில் பல தமிழ்க் கோப்புகள் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். தமிழ் வாசிக்கத் தெரியாத வடிவமைப்பாளர் அதையும் வடிவமைப்பின் ஒரு பகுதி என்று நினைத்து அச்சுக்கு அனுப்பியதைப் பல அலுவலகச் சுவர்களில் பார்த்திருப்பீர்கள். யூனிகோடில் எழுதி, எழுத்துரு தேவைப்படாத வளைகோட்டு வடிவமாக மாற்றி, பிடிஎஃப் பிரதியைத் தமிழ் வாசிக்கும் ஒருவர் எழுத்தெண்ணிப் பார்த்த பிறகே பத்து அடி பெனரை இயந்திரத்தில் ஏற்றினீர்கள். அவசரத்தில் ஒரு பெனரைக்கூட மறுபடி அடிக்க நேரவில்லை.

திரையரங்கில் படம் ஓட்டியவர்களே, திரையரங்குக்கான டிஜிட்டல் படப்பொதியான டிசிபி வரும் வன்தட்டு ஒன்றில் 200 ஜிகாபைட் அளவு இருக்கும். அதைச் சேவையகத்தில் ஏற்றவே மணிக்கணக்காகும் என்பதை நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. பூட்டிய படத்தைத் திறக்கும் கேடிஎம் எனும் டிஜிட்டல் சாவி குறிப்பிட்ட ஒரு சேவையகத்துக்கும் குறிப்பிட்ட நேர எல்லைக்கும் மட்டுமே செல்லும். கடைசி நேரத்தில் மண்டபத்தையோ இயந்திரத்தையோ மாற்றினால் புதுச் சாவி கேட்கவேண்டும். நேர எல்லையைக் கிரீனிச் கணக்கில் எழுதியிருந்தால் நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணிநேரம் கூட்டிப் பார்க்கவேண்டும். சாவி வந்த அன்றே ஏற்றிப் பார்த்துப் படம் திறக்கிறதா என்று சொன்னீர்கள். அதனால்தான் அந்த மாலைகளில் யாரும் நகம் கடிக்கவில்லை.

அச்சு ஓவியங்கள் வந்த பெட்டிகளைப் பொறுத்தவரை, சுங்க வேலைகளைப் பார்த்த முகவருக்கும், குளிர்ந்த பெட்டியை வந்த உடனே திறக்கவிடாமல் ஒரு நாள் முழுக்க மண்டபத்தில் சும்மா வைத்திருந்த காப்பாளருக்கும் நன்றி. உடனே திறந்திருந்தால் கொழும்பின் ஈரக்காற்று குளிர்ந்த தாளில் நீராகப் படிந்திருக்கும். இரவிலும் ஏசியை நிறுத்தாமல் விட்டதற்காக மண்டப நிர்வாகத்துக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். பகலில் குளிர், இரவில் புழுக்கம் என்று மாறி மாறிப் படுவதைத் தாள் தாங்காது.

இனி உணவு நாள். இதைப் பற்றித்தான் அதிகம் பேர் கேட்டார்கள். போயா (பௌர்ணமி) தினத்தில் இறைச்சி விற்பனை இல்லை. வெள்ளிக்கிழமையில் சைவக்காரர் பலர் மச்சம் தொடமாட்டார்கள், நண்பகலில் ஜும்ஆ. ஞாயிறு காலை கோயிலில் அறநெறி வகுப்பு, தேவாலயத்தில் பூசை, மிச்சப் பிள்ளைகளுக்கு டியூஷன். சனி மாலை என்று குறித்துத் தந்த ஆசிரியர்களுக்கு நன்றி. தூதரகச் சமையற்காரர்களோடு முன்கூட்டியே உட்கார்ந்து ஒவ்வொரு பண்டத்தையும் மூலப்பொருள் வரை கேட்டறிந்த அக்காமாருக்கு அதைவிடப் பெரிய நன்றி. ஜப்பானிய மிசோ சூப்பில் தோஃபுவும் கடற்பாசியும் மட்டும் மிதக்கும், பார்வைக்குச் சுத்த சைவம். வழமையான அடிச்சாறோ உலர்த்திய பொனிட்டோ மீனில் எடுத்தது. மிரின் என்ற ஜப்பானியச் சமையல் மதுவில் ஏறத்தாழ 14 சதவீதம் மதுசாரம் உண்டு, அது சேர்ந்த குழம்பை முஸ்லிம் குடும்பங்களுக்குப் பரிமாற முடியாது. பார்மிஜானோ சீஸ் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால் உறைகிறது. ஜெலட்டின் எந்த விலங்கிலிருந்து வந்தது என்று பொதியில் போடாவிட்டால் கேட்டுத்தான் அறியவேண்டும். அடிச்சாற்றை ‘கொம்பு’ என்று ஜப்பானியர் சொல்லும் கடற்பாசியிலும் சிட்டாக்கே காளானிலும் எடுக்கலாம் என்று சமையற்காரர் ஒருவரே வழி சொன்னார், சுவை குறையவில்லை. ஒவ்வொரு தட்டின் முன்னும் மூன்று மொழியில் சீட்டு வைத்தீர்கள். சைவத்துக்குத் தனி மேசை, தனி அகப்பை. அகப்பையை மாற்றிப் போடாமல் காவல் நின்ற மூன்று பாட்டிமாரைத் தாண்டி எந்த நாட்டுத் தூதுவரும் போயிருக்க முடியாது.

அனுமதிப் பதிவைக் கையாண்டவர்களின் நிதானத்தையும் சொல்லவேண்டும். தூதரக வளாகத்துக்குள் என்றால் அடையாள அட்டை, பை சோதனை, முன்கூட்டிய பெயர்ப்பட்டியல் எல்லாம் இருக்கும். அது அவர்களின் பாதுகாப்பு நடைமுறை, குறை சொல்ல முடியாது. ஆனால் போர்க்காலத்தில் கொழும்பில் தங்கியதற்காகப் பொலிஸில் பதியவேண்டியிருந்த ஒரு தலைமுறைக்கு, பட்டியலில் பெயரும் அட்டை இலக்கமும் கொடுப்பது சாதாரண காரியம் அல்ல. வெளி மண்டபத்துக்கு நிகழ்ச்சியைக் கொண்டுவர உடன்பட்ட தூதரகங்களுக்கு நன்றி. பெயரும் தொலைபேசி இலக்கமும் போதும் என்று படிவத்தைச் சுருக்கி, அவை எதற்கு, எப்போது அழிக்கப்படும் என்று மேலேயே எழுதினீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கமும் அதுதான்.

புலமைப்பரிசில் மேசையில் இருந்தவர்கள் விண்ணப்பப் படிவத்தைவிடப் பெயரோடுதான் அதிகம் மல்லுக்கட்டினீர்கள். குடும்பப் பெயர், இடப்பட்ட பெயர் என்று இரண்டு கட்டம் போட்ட படிவத்தில் நம் பிள்ளைகள் தகப்பன் பெயரை எங்கே எழுதுவது? பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், கடவுச்சீட்டில் இன்னொன்று, உயர்தரப் பெறுபேற்றில் முதலெழுத்து மட்டும். கடவுச்சீட்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுது, வேறுபாட்டுக்குச் சத்தியக்கடதாசி இணை, தமிழ்ச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடு, பிறகு வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்து. இந்த ஒழுங்கை ஒரு பக்கத் தமிழ்த் தாளில் அடித்துக் கொடுத்தீர்கள். யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் பிராந்திய அலுவலகம் இருப்பதையும் அதில் சேர்த்தது, ஊரிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த பிள்ளைகளுக்கு உதவியது.

ஒலிபெருக்கி அனுமதி தந்த பொலிஸாருக்கும், இரவு பத்து மணிக்குப் பின் சத்தம் கூடாது என்ற 2007ஆம் ஆண்டு உயர் நீதிமன்றக் கட்டளையைக் காட்டாமலேயே ஒன்பதரைக்குப் பேச்சை முடித்துக்கொண்ட பேச்சாளர்களுக்கும் நன்றி. மறுநாள் விடிய வந்து மண்டபத்தையும் ஒழுங்கையையும் கூட்டித் துடைத்த மாநகர சபைத் தொழிலாளர்களுக்கும் அப்படியே.

தமிழ் சப்டைட்டில் கோப்புகள் அனைத்தும் படங்களின் உரிமையாளர்களுக்குக் கலாசாரப் பிரிவுகள் வழியாகத் திருப்பி அனுப்பப்பட்டுள்ளன. அதே படங்களை மட்டக்களப்பிலோ ஹட்டனிலோ கட்டணமின்றித் திரையிட விரும்பும் மன்றங்கள் அந்தந்தத் தூதரகத்துக்கு எழுதிக் கேட்கலாம். திரையிடும் உரிமையை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பெறவேண்டும், கோப்பை மறுபடி செய்யவேண்டியதில்லை. உணவுச் சீட்டுகளின் மும்மொழி மாதிரியும் புலமைப்பரிசில் தாளும் எங்களிடம் உள்ளன, கேட்பவர்களுக்குத் தருவோம்.

நன்றியுடன்,
தமிழ் ஒருங்கிணைப்புக் குழுவினர்
கொழும்பு