நேற்று நீக்கிய பார்வர்டு பற்றி

வணக்கம் நண்பர்களே. உலகப் பணம் முழுவதும் யூதர்கள் கையில் என்று நேற்று இரவு வந்த பார்வர்டை நான்தான் நீக்கினேன். அனுப்பியவர் மீது கோபம் இல்லை. ஆனால் அது நூறாண்டுக்கும் மேலான பழைய பொய். இஸ்ரேல் அரசை விமர்சிக்கலாம், இங்கே தாராளமாகப் பேசுவோம். ஒரு இனத்தையே பழிப்பது வேறு.

1993 டிசம்பரில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், பில்லிங்ஸ் நகரில் நடந்ததைச் சொல்கிறேன். யூதர்களின் ஹனுக்கா பண்டிகைக்காக, அதில் ஏற்றும் மெனோரா விளக்கின் படம் ஒட்டியிருந்த யூத வீட்டு ஜன்னலில் கல் எறிந்தார்கள். உள்ளே ஐந்து வயதுப் பையனின் படுக்கையறை. அங்கே யூதக் குடும்பங்கள் மிகக் கொஞ்சம். 'பில்லிங்ஸ் கெசட்' நாளிதழ் முழுப் பக்கத்தில் மெனோரா படம் அச்சிட்டது; ஆயிரக்கணக்கான கிறிஸ்தவ வீடுகள் அதை வெட்டி ஜன்னலில் ஒட்டின. அப்புறம் அந்த வீடுகளிலும் சிலவற்றின் கண்ணாடி உடைந்தது. ஆனாலும் படங்கள் கூடிக்கொண்டேதான் போயின!

எனக்கு இன்னும் பிடித்தது அதற்கு முன்பே நடந்தது. ஒரு பூர்வகுடிப் பெண்ணின் வீட்டுச் சுவரில் நாஜிகளின் ஸ்வஸ்திகா சின்னத்தைக் கிறுக்கியபோது, பெயின்டர் சங்கத்தினர் கூலி வாங்காமல் வந்து சுவரை மறைத்துப் பூசினார்கள். கறுப்பினத்தவரின் தேவாலயத்தில் ஸ்கின்ஹெட் எனப்படும் வெள்ளை இனவெறிக் கும்பல் வந்து மிரட்டியபோது, மற்ற சபையினர் வந்து கூடவே உட்கார்ந்தார்கள். அந்தப் பழக்கம் இருந்ததால்தான் டிசம்பரில் ஊர் தயங்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஞாயிறு மாலை இதைப் பற்றிப் பேசலாமா? பார்வர்டை அனுப்பிய நண்பரும் அவசியம் வரவேண்டும்.