நுனி கருகும் இலைகள்

சென்னை

அன்புள்ள மீனாட்சி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று இவரிடம் வாசித்துக் காட்டினேன். "இனி உன் சிநேகிதிக்கு உட்கார நேரம் இருக்காது" என்றார். என் முழங்கால் வலியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தாள் போதாது. நேராக உன் செடிகளுக்கு வருகிறேன்.

ஒரே ஜன்னலோரத்தில் மணி பிளாண்ட் தளதளவென்று இருக்க, ஸ்பைடர் பிளாண்டும் டிரசீனாவும் மட்டும் நுனி கருகுகின்றன என்கிறாய். இந்த இரண்டுக்கும் தண்ணீரில் கரைந்து வரும் ஃபுளோரைடு என்கிற உப்பு ஆகவே ஆகாது. நீ இருப்பதோ தருமபுரியில். உங்கள் ஊர்ப் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டுமா? அதனால் பல்லில் பழுப்புக் கறையோடு எத்தனை பிள்ளைகள் உன் வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள்! காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தானே. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு வரை ஏற்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்கிறது இந்தியத் தர அளவு. டிரசீனாவின் நுனியைக் கருக்க அந்த 1 மில்லிகிராமே போதும்.

வேர் உறிஞ்சும் தண்ணீர் இலை வழியே ஆவியாகிவிடும். அதில் கரைந்து வந்த ஃபுளோரைடும் உப்பும் எங்கே போகும்? வெந்நீர்த் தவலையின் அடியில் வெள்ளை படிகிறதே, அதுபோல இலையின் கடைசி முனையில் தங்கிவிடுகின்றன. தொட்டியின் விளிம்பைக் கைவிரலால் தடவிப் பார். வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தால் மண்ணிலும் உப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம்.

அடுத்ததைச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரை வாளியில் பிடித்துச் செடிகளுக்கு ஊற்றுகிறாயே, அதை இன்றோடு நிறுத்திவிடு. நீ குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பு முழுவதும் அந்த வாளியில்தான் இருக்கிறது. வீடு துடை, கழிவறைக்கு ஊற்று. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றலாமா என்றும் கேட்டிருக்கிறாய். கூடாது. நீர்தான் ஆவியாகும், ஃபுளோரைடு அப்படியே நின்று இன்னும் அடர்த்தியாகும். இரவு முழுவதும் திறந்து வைத்தால் குளோரின் வாடை போகும், இது போகாது.

மழைநீருக்கு ஈடு எதுவும் இல்லை. மழைக்காலத்தில் மொட்டைமாடியில் ஒரு டிரம் வைத்துவிடு. மற்ற நாட்களில் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்துக்கொள். அதில் உப்பு கிடையாது. அதுவும் இல்லையென்றால் ஒகேனக்கல் தண்ணீர் வரும்போது ஒரு குடம் ஒதுக்கி வை. முதலில் தொட்டியைக் குளியலறைக்குத் தூக்கிப்போய், தொட்டி கொள்ளும் அளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடியில் முழுவதும் வடியவிடு. அடித்தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடு. இல்லையென்றால் கழுவிய உப்பு திரும்ப மேலே ஏறும். தூக்குகிற வேலையை மாப்பிள்ளையிடம் விடு, உன் இடுப்பு தாங்காது.

சூப்பர் பாஸ்பேட் பக்கமே போகாதே. அந்த உரத்தில் ஃபுளோரைடு கலந்தே வருகிறது. நர்சரியில் தரும் தென்னை நார்க் கட்டியிலும் உப்பு இருக்கும். ஊறவைத்து, தேநீர் நிறம் போகும்வரை அலசிப் பிழிந்த பிறகு மண்ணில் சேர். நுனி கருகினால் பலரும் உடனே கூடுதலாக உரம் போடுகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும், உரமும் உப்புதானே!

கருகிய நுனி இனிப் பச்சையாகாது. கண்ணை உறுத்தினால் கத்தரிக்கோலால் இலையின் வடிவத்துக்கே சாய்வாக வெட்டு. பழுப்பில் நூலிழை அளவு விட்டு வெட்டு. பச்சையில் பட்டால் அங்கேயிருந்து மறுபடி காயும். பலன் தெரிகிறதா என்பதைப் பழைய இலையில் தேடாதே, புதிதாக விடும் குருத்தைப் பார். ஒன்று மட்டும் கவனி: அடி இலை மஞ்சளாகி, மண்ணில் அழுகல் வாடை அடித்தால் அது வேறு சங்கதி. தண்ணீர் அதிகமாகி வேர் அழுகியிருக்கும். செடியை உருவிப் பார்த்துவிட வேண்டியதுதான்.

இங்கே பெரியவனுக்குப் பெண் பார்க்கிறோம். ஜாதகம் பொருந்தினால் தையில் முகூர்த்தம் இருக்கும், நீ ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிட வேண்டும். வரும்போது உங்கள் ஊர்ப் புளி இரண்டு கிலோ, கொட்டை எடுத்ததாகக் கொண்டு வா.

அன்புடன்,
கல்யாணி