வாங்குவதற்கு முன் இந்தக் கோப்பைக் கேள், அம்மு

அன்புள்ள அம்முவுக்கு,

"நியூரல் டிஎஸ்பியா, ஆம்ப்ளிட்யூபா, ஹீலிக்ஸ் நேட்டிவா? ஒண்ணைச் சொல்லுங்கப்பா, தள்ளுபடி முடியறதுக்குள்ள வாங்கிடறேன்" என்று எழுதியிருந்தாய். கிட்டார் ஆம்பையும் ஸ்பீக்கரையும் கணினிக்குள் பாவனை செய்யும் மென்பொருள்கள் இவை, பிளகின் என்போமே, அவற்றில் எதை வாங்குவது என்பது உன் கேள்வி. ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். மனம் வரவில்லை. மூன்றின் சோதனைப் பதிப்புகளையும் இறக்கிக்கொண்டு நான்கு இரவு உட்கார்ந்து கேட்டேன். கேட்டது உன் வாசிப்பைத்தான்.

உனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது ஒரு மழை நாளில் உன்னை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தேனே, இரண்டு நிமிடம் நாற்பது விநாடி, அந்தத் துண்டு. ஆசை ஆசையாக வாங்கி வைத்திருந்த ஒரு பிளகினில் அதற்குத் தொனி அமைத்திருந்தேன். பிறகு கணினியை மாற்றியபோது அந்தப் பிளகின் திறக்கவே இல்லை. அதைச் செய்தவர்கள் கடையை மூடிவிட்டிருந்தார்கள். உரிமத்தைச் சரிபார்க்கும் சர்வரும் போய்விட்டது. அந்தத் தொனியை இனி நான் கேட்க வழியில்லை. ஆனால் பக்கத்திலேயே ஆம்ப் தொடாத வெறும் டிராக் ஒன்று தனியாக இருந்தது. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பிலிருந்து, கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸுக்குள் நேராகப் போன ஒலி. கேட்டால் சப்பென்று, தகரத்தில் தந்தி கட்டி மீட்டியதுபோல இருக்கும். என்றாலும் உன் கை அதில் முழுதாக இருக்கிறது. தந்திகள் வந்து முடியும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் அழுத்தி அடிப்பது, சுண்டுவிரலால் வால்யூம் குமிழைக் குறைத்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போவது, எல்லாம். அதைத்தான் ஒவ்வொரு பிளகினிலும் செலுத்திக் கேட்டேன்.

முதல் இரவு வீணாகப் போனது, என் தவறால். ஆம்ப்ளிட்யூப்தான் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிடுகிறது என்று முடிவே கட்டிவிட்டேன். காலையில் மீட்டரைப் பார்த்தால் அது மற்றவற்றைவிட 3 டெசிபெல் சத்தமாக ஓடியிருக்கிறது. சத்தம் கூடினால் நம் காதுக்கு அடிநாதமும் உச்சமும் கூடுதலாகக் கேட்கும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933லேயே வரைபடம் போட்டுக் காட்டிய விஷயம் இது. உரக்க இருப்பதை நல்லது என்று காது நம்பிவிடும். மூன்றின் வெளியீட்டையும் அரை டெசிபெல்லுக்குள் கொண்டுவந்து மறுபடி கேட்டபோது, முதல் இரவில் எழுதி வைத்த குறிப்புகளில் பாதியை அடிக்க வேண்டியதாயிற்று. நீயும் சத்தத்தைச் சமன் செய்யாமல் எதையும் ஒப்பிடாதே. இதில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன்.

அடுத்தது, உள்ளே போகும் சத்தம். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். "எனக்கு மட்டும் எந்த பிளகினும் இயல்பா வரலப்பா" என்று போன வருடம் வருத்தப்பட்டாயே, அதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

வால்வு ஆம்ப் இருக்கிறதே, அதற்கு ஒரு விளிம்பு உண்டு. மெதுவாகத் தொட்டால் தெளிவாக ஒலிக்கும். அழுத்தினால் உடைந்து முறுமுறுக்கும். அந்த விளிம்பில் நின்று வாசிப்பதுதான் உன் பாணி. பிளகினும் அந்த விளிம்பைப் பாவனை செய்கிறது, ஆனால் கிட்டார் இவ்வளவு வோல்ட்டில் வரும் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு. இன்டர்ஃபேஸ்கள் எல்லாம் ஒரே அளவில் செய்யப்பட்டவை அல்ல. ஒன்று தாங்கும் உச்ச அளவு இன்னொன்றைவிட 6 டெசிபெல் குறைவாக இருந்தால், அதே கிட்டார் பிளகினுக்குள் இரண்டு மடங்கு மின்னழுத்தமாகப் போய்ச் சேரும். அப்போது நீ எவ்வளவு மென்மையாகத் தொட்டாலும் விளிம்பு ஏற்கனவே தாண்டியிருக்கும். ஆம்ப் எப்போதும் முறுமுறுத்துக்கொண்டே இருக்கும், நீ பிளகினைக் குறை சொல்வாய். சிவப்பு விளக்கு எரியும் வரை இன்டர்ஃபேஸில் உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் கெயின் குமிழை ஏற்றுவது பாடகரின் மைக்குக்குப் பழகிய பழக்கம். கிட்டாருக்கு அதைக் கீழே இறக்கிவிட்டு, பிளகினின் இன்புட் குமிழில் தேவைப்பட்டதைச் சேர். உன் இன்டர்ஃபேஸின் கையேட்டில் அதிகபட்ச உள்ளீடு எத்தனை டிபியு (dBu, மின்னழுத்தத்தை டெசிபெல்லில் சொல்லும் அளவு) என்று போட்டிருக்கும். அதைக் குறித்து எனக்கு அனுப்பு, எவ்வளவு கூட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.

கூடவே, கேபிளைச் செருகியிருப்பது கிட்டாருக்கான வாயிலில்தானா என்று பார். பிக்கப் என்பது மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றிய சுருள். அதற்கு எதிரே 1 மெகாஓம் அளவு மின்மறுப்பு இருந்தால்தான் உச்ச ஒலி அப்படியே வரும். லைன் வாயிலில் செருகினால் துணி போர்த்திய மாதிரி மங்கிவிடும். அதை எந்த பிளகினாலும் மீட்டுத் தர முடியாது.

இதையெல்லாம் சரிசெய்த பிறகு கேட்டால் பிளகினுக்கும் பிளகினுக்கும் இடையே உள்ள தூரம் நீ நினைப்பதைவிடக் குறைவு. பெரிய வித்தியாசம் ஆம்பில் இல்லை, ஸ்பீக்கர் இருக்கும் பெட்டியான கேபினெட்டில் இருக்கிறது. கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வேகமாக இறங்கிவிடும். டிஸ்டார்ஷனின், அதாவது அந்த முறுமுறுப்பின், கூர்மையை மழுக்கி இசையாக்குவது அந்தக் காகிதக் கூம்புதான். கேபினெட் பகுதியை ஒரு தடவை அணைத்துவிட்டுக் கேள், காதுக்குள் குளவி புகுந்த மாதிரி இருக்கும். கேபினெட்டின் பதிவை ஐஆர் என்கிறோமே, அது ஒரு சிறு ஒலிக்கோப்புதான். அதை மாற்றினால் ஆம்பையே மாற்றியது போலாகும். உன் துண்டை ஒரே ஆம்பில் வைத்துக்கொண்டு, ஸ்பீக்கரை மட்டும் செலஸ்டியன் கிரீன்பேக்கிலிருந்து வின்டேஜ் 30க்கு மாற்றினேன். நடு ஒலி முன்னால் வந்து நின்றது. பிறகு எஸ்எம்57 மைக்கை கூம்பின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்தினேன். காதைக் கூசவைக்கும் கூர்மை போய்க் கதகதப்பு வந்தது. மூன்று ஆம்ப் மாற்றியும் வராத மாற்றம் அது.

இந்த இடத்தில் ஆம்ப்ளிட்யூப் 5ஐ மெச்சத்தான் வேண்டும். கேபினெட்டின் முன்னால் இரண்டு மைக்குகளை விரும்பிய இடத்துக்கு இழுத்துப் பார்க்கலாம். மைக் வைக்கக் கற்றுக்கொள்ள நல்ல பள்ளிக்கூடம். ஆம்புகளும் பெடல்களும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எனக்கு அதுவே குறையாகப்பட்டது. மூன்றாவது இரவில் நான் உன் வாசிப்பைக் கேட்பதை விட்டுவிட்டு பெட்டிகளை மாற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உன்னை எனக்குத் தெரியும், நீயும் அப்படித்தான் செய்வாய்.

நியூரல் டிஎஸ்பியின் ஆர்க்கிடைப் வரிசையில் பிளினி என்ற கிட்டார் கலைஞரின் பெயரில் உள்ளதைப் போட்டுக் கேட்டேன். மூன்றே ஆம்ப்: தெளிவானது, லேசாக உடைவது, தனி வாசிப்புக்கானது. நடுவிலுள்ள ஆம்பில் உன் துண்டின் இரண்டாவது வரியில், சுண்டுவிரல் வால்யூமைக் குறைக்கிற இடத்தில், முறுமுறுப்பு படிப்படியாக அடங்கித் தெளிந்தது. நான் அந்த இடத்தை மட்டும் பத்துத் தடவை ஓட்டினேன். நீ வாசித்தபோது உன் காதில் இப்படித்தான் கேட்டிருக்கும் என்று தோன்றியது. தொனி என்று நான் சொல்வது இதைத்தான், கை சொன்னதற்கு ஆம்ப் பதில் சொல்வதை. முன்கூட்டியே அமைத்து வைத்த தொனிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தால் இது பிடிபடாது.

ஹீலிக்ஸ் நேட்டிவ் 2017இல் வந்தது. மேடையில் காலால் மிதிக்கும் ஹீலிக்ஸ் பெட்டியில் இருப்பதே கணினிக்குள்ளும் இருக்கிறது. வீட்டில் அமைத்த தொனியை அப்படியே பெட்டிக்குக் கொண்டுபோகலாம், பெட்டி வைத்திருப்பவர்களுக்கு விலையும் குறைவு. நீ மேடைக்குப் போகிற எண்ணம் இருந்தால் இதைத் தாராளமாக வாங்கு. அறைக்குள்ளேயே வாசிப்பதானால் அவசியமில்லை. கிட்டார் ரிக் என்ற இன்னொரு பிளகினைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தாய். எதிரொலியும் விசித்திர ஒலிகளும் அடுக்க அது அருமை. இலவசப் பதிப்பே உனக்குப் போதும்.

நீ கேட்காத ஒரு பிளகினைச் சொல்கிறேன், நியூரல் ஆம்ப் மாடலர். ஸ்டீவன் அட்கின்சன் என்பவர் எழுதியது, திறந்த மூலம், காசு கிடையாது. உண்மையான ஆம்புக்குள் ஒரு சோதனை ஒலியைச் செலுத்தி, வெளியே வருவதைப் பதிவு செய்து, இரண்டுக்கும் உள்ள உறவை நரம்பியல் வலைப்பின்னல் கற்றுக்கொண்டு ஒரு கோப்பாகத் தரும். பெரும்பாலும் ஒரு கோப்பு என்றால் குமிழ்களின் ஒரே ஒரு நிலைதான். கெயினை மாற்ற வேண்டுமென்றால் வேறு கோப்பு தேட வேண்டும், கேபினெட்டுக்குத் தனியாக ஐஆரும் வேண்டும். அந்தச் சிரமத்தைப் பொறுத்துக்கொண்டால் பலர் பகிர்ந்த கோப்புகள் குவிந்து கிடக்கின்றன. டீலக்ஸ் ரிவர்ப் என்ற ஆம்பின் கோப்பு ஒன்றைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஆர்க்கிடைப்பின் தெளிவான ஆம்போடு மாற்றி மாற்றிக் கேட்டேன். டிரம்ஸும் பேஸும் கூட ஓடும்போது எது எதுவென்று என்னால் சொல்ல முடியவில்லை. உன் அப்பா நாற்பது வருடமாக வாசிப்பவன், அம்மு. முடியவில்லை.

இன்னொரு சோதனையும் செய்து பார். கெயினை முழுதாக ஏற்றி, மேல் தந்தியில் இருபதாவது ஃபிரெட்டை மெதுவாக வளைத்துக்கொண்டே போ. சுருதி மேலே ஏறும்போது அடியில் ஏதோ ஒரு மெல்லிய ஒலி கீழே இறங்கினால், அது ஏலியாசிங். டிஸ்டார்ஷன் உண்டாக்கும் மேல் ஒலிகள் கணினி தாங்கும் எல்லையைத் தாண்டித் திரும்பி மடங்கி விழுகின்றன. ஒலியைக் கூடுதல் வேகத்தில் கணக்கிடும் ஓவர்சாம்ப்ளிங் அமைப்பு இருந்தால் அதைக் கூட்டு, அந்த ஒலி குறையும். கணினி கொஞ்சம் திணறும்.

வாசித்தது காதுக்கு வந்து சேரும் தாமதத்தைப் பற்றி நீ கவலைப்பட்டாய். கணினி ஒலியை ஒவ்வொரு தடவையும் சேர்த்து எடுக்கும் துண்டுதான் பஃபர். 48 கிலோஹெர்ட்ஸில் 64 சாம்பிள் பஃபர் என்றால் ஒரு வழிக்கு 1.3 மில்லிவிநாடி, 256 என்றால் 5.3. காற்றில் ஒலி ஒரு மீட்டர் வரவே ஏறக்குறைய 3 மில்லிவிநாடி ஆகும். போக வரச் சேர்த்து 10 மில்லிவிநாடிக்குள் இருந்தால், ஆம்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்குச் சமம். அதை விரல் தாங்கும். 128இல் வைத்துக்கொள்.

இனி பணம். இளவயதில் நான் ஒரு ட்வின் ரிவர்ப் வால்வு ஆம்பைத் தூக்கித் திரிந்திருக்கிறேன். 29 கிலோ, 85 வாட். அது உடைந்து முறுமுறுக்க வேண்டுமென்றால் தெருவே எழுந்துகொள்ளும் சத்தம் வைக்க வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு ஹெட்ஃபோனில் அதே முறுமுறுப்பை நீ கேட்க முடிகிறது என்றால், அதற்குக் கொடுக்கும் பணம் தகும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒன்றுக்குக் கொடு, ஐந்துக்குக் கொடுக்காதே. மாதச் சந்தாவில் சேராதே. கட்டுவதை நிறுத்திய மாதம் உன் பழைய பாட்டுகள் மௌனமாகிவிடும். ஒரே தடவை வாங்கும் உரிமமாகப் பார், எத்தனை கணினியில் போடலாம் என்றும் பார். அப்படி வாங்கினாலும் என்றாவது ஒரு நாள் அதுவும் திறக்காமல் போகலாம். ஆகவே எதைப் பதிவு செய்தாலும் வெறும் டிராக்கைத் தனியே எடுத்து வை. இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். அந்த இரண்டு நிமிடம் நாற்பது விநாடி இன்று என்னிடம் இருப்பது அதனால்தான்.

தள்ளுபடி முடிந்தால் முடியட்டும், இந்தத் தொழிலில் தள்ளுபடி திரும்பத் திரும்ப வரும். முதல் இரண்டு மாதம் இலவசமான ஆம்ப் மாடலரில், ஒரே ஆம்ப் கோப்பு, ஒரே ஐஆர் என்று வைத்து வாசி. அதன் பிறகும் குமிழைத் திருப்பக் கை துடித்தால் ஆர்க்கிடைப் பிளினியை இறக்கு. பதினான்கு நாள் முழுதாகச் சும்மா தருகிறார்கள், உரிமத்தைச் சரிபார்க்கும் ஐலாக் சேவையில் கணக்கு ஒன்று மட்டும் தொடங்க வேண்டும். வேலை நெருக்கடி இல்லாத பதினான்கு நாளாகப் பார்த்துத் தொடங்கு. அந்த நாட்களில் தினமும் கிட்டாரை எடுத்தாய் என்றால் வாங்கிவிடு, என் பங்குக்குப் பாதியை நான் தருகிறேன்.

உன் பழைய துண்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வெறும் டிராக் ஒன்று, அதையே நான்கு பிளகினில் செலுத்திய கோப்புகள் நான்கு. சத்தத்தைச் சமன் செய்திருக்கிறேன், எது எதுவென்று பெயர் போடவில்லை, எண் மட்டும்தான். ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு, உனக்குப் பிடித்த எண்ணை எழுது. பிறகு அதே பகுதியை இப்போது ஒரு தடவை வாசித்து, வெறும் டிராக்காக எனக்கு அனுப்பு. இத்தனை வருடத்தில் உன் கை எப்படி மாறியிருக்கிறது என்று கேட்க வேண்டும். தந்தி பழசாகியிருந்தால் முதலில் அதை மாற்றிக்கொள்.

அன்புடன்,
அப்பா