கடைமடைக்கு வராத சிக்னல்: தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நாகப்பட்டினம் மாவட்டம் தலைஞாயிறு பக்கத்துக் கடைமடைக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். கடைமடை என்பது டெல்லியில் புழங்கும் சொல்லாக இருக்காது. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணையில் பிரிந்து, ஆறு, வாய்க்கால், கிளை வாய்க்கால் என்று இறங்கி, கடலோரத்தில் கடைசியாக வந்து சேரும் இடம் அது. சேர்ந்தால் உண்டு.

என் தகப்பனார் பொதுப்பணித் துறையில் மதகுகளைக் கவனிக்கும் லஸ்கராக இருந்தவர். காலையிலும் மாலையிலும் மதகடிக்குப் போய், அளவுகோலில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதுவார். மேட்டூரில் இத்தனை ஆயிரம் கனஅடி திறந்திருப்பதாக வானொலி சொன்னால், "அது அங்கே. இங்கே எவ்வளவு?" என்பார். நான் உங்களிடம் கேட்க வந்ததும் அதே கேள்விதான்.

சென்ற ஆண்டு திருத்துறைப்பூண்டி கடைத்தெருவில் ஒரு நிறுவனத்தின் சிம் கார்டு வாங்கி, ஓராண்டுக்கான ரீசார்ஜ் தொகையை ஒரே தவணையில் கட்டினேன். மாதாமாதம் கட்டுவதைவிட மலிவு என்று கடைக்காரர் சொன்னார். கணக்குப் பார்த்தால் உண்மைதான். கடை வாசலில் சிக்னல் கோடுகள் முழுதாக நின்றன. எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் ஒன்றானது. வீட்டுக்குள் அதுவும் போய்விட்டது. திருப்பூரிலிருந்து மகள் அழைத்தால், வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு அப்பால் உள்ளார் என்று ஒரு பெண் குரல் அவளுக்குச் சொல்லும். நான் எந்த எல்லையையும் தாண்டவில்லை. திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இதை வெறும் அரட்டைக்கான வசதிக் குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். சம்பா அறுவடை முடிந்து கொள்முதல் நிலையத்துக்கு இணையத்தில் பதிவு செய்த அன்று, ஓடிபி வருவதற்காக என் மகன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் கரையில் நின்றான். அது வந்தபோது அதற்குரிய நேரம் முடிந்திருந்தது. மறுபடி கேட்டான், மறுபடியும் அப்படியே. களத்தில் நெல் கிடந்தது, கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

198 என்ற எண்ணில் புகார் கொடுத்தேன். போனை அணைத்துப் போடச் சொன்னார்கள். சிம் கார்டைக் கழற்றி மாட்டச் சொன்னார்கள். மூன்றாம் நாள், புகார் தீர்க்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தது. அதைப் படிக்கவும் கரைக்குத்தான் போக வேண்டியிருந்தது. நீங்கள் 2012இல் கொண்டுவந்த விதிமுறைப்படி, புகார் எண்ணைக் குறிப்பிட்டு அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதினேன். கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும் என்பதெல்லாம் நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. வந்த பதில்தான் என்னை இந்த மடலை எழுத வைத்தது: "தங்கள் பகுதியில் சேவையின் தரம் நிர்ணயிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது."

எந்த அளவு, எங்கே அளந்தது? 2024 ஆகஸ்டில் வெளியிட்டு அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த உங்கள் சேவைத்தர விதிமுறைகளை எடுத்துப் படித்தேன். பேச்சு பாதியில் அறுந்துபோகும் அழைப்புகள் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறீர்கள். சரி. ஆனால் அறுந்துபோக வேண்டுமானால் அழைப்பு முதலில் இணைந்திருக்க வேண்டும். என் வீட்டில் அது இணைவதே இல்லை. கோபுரத்தை எட்டாத அழைப்பு அந்தக் கணக்கில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. நட்ட பயிர் பட்டுப்போனால்தான் பதிவேட்டில் ஏறும், தண்ணீர் வராமல் நடவே நடக்காத வயல் ஏறாது என்பது போல இருக்கிறது இது.

எந்த இடத்தில் எந்தத் தலைமுறைச் சேவை (2ஜி, 4ஜி, 5ஜி) கிடைக்கிறது என்ற வரைபடத்தை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று அதே விதிமுறைகளில் சொல்லியிருக்கிறீர்கள். அதற்காக உங்களைப் பாராட்டுகிறேன். பார்த்தேன். எங்கள் தெருவுக்கும் வண்ணம் பூசியிருக்கிறார்கள். இந்த ஏமாற்றம் எங்களுக்குப் பழக்கமானதுதான். பாசன நிலங்களைக் குறிக்கும் ஆயக்கட்டுப் பதிவேட்டில் நஞ்சை என்று இருக்கும், வயலில் புல்தான் முளைத்திருக்கும்.

அதற்கு வருவாய்த் துறை பழைய காலத்திலேயே ஒரு வழி வைத்திருந்தது. தண்ணீர் எட்டாமல் பயிர் மணி பிடிக்காத சாவியாகிவிட்டால் கிராமத்துக் கணக்கர் வந்து வயலைப் பார்ப்பார், அந்த வயலின் தீர்வையில் வஜா, அதாவது தள்ளுபடி, கொடுப்பார்கள். தராசு எப்போதும் நேராக நின்றது என்று சொல்லமாட்டேன். ஆனால் விளையாத நிலத்துக்கு வரி கேட்பது முறையில்லை என்ற எண்ணமாவது இருந்தது, வயலுக்கு வயல் பார்க்கும் வழக்கமும் இருந்தது.

உங்கள் விதிமுறைகளிலும் ஒரு வஜா இருக்கிறது. ஒரு மாவட்ட அளவில் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் முடங்கினால், மாதக் கட்டணக்காரர்களுக்கு (போஸ்ட்பெய்டு) வாடகையில் கழிவு தர வேண்டும், என்னைப் போல முன்பணம் கட்டியவர்களுக்குச் (ப்ரீபெய்டு) செல்லுபடி நாட்களை நீட்டிக்க வேண்டும். ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் முடங்கினால் அது முழு நாளாகக் கொள்ளப்படும். நியாயமான சட்டம். ஆனால் மாவட்டம் என்ற அளவை யார் தேர்ந்தெடுத்தார்கள்? 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியபோது எங்கள் பகுதியே வெளியுலகத் தொடர்பற்றுக் கிடந்தது. அந்த மாதிரிப் பேரிடருக்கு இந்த அளவு பொருந்தும். மின்சாரம் போய், பேட்டரியும் தீர்ந்து, ஒரே ஒரு கோபுரம் இரண்டு நாள் ஊமையாகக் கிடந்தால் மூன்று ஊர் தவிக்கும். நாகப்பட்டினம் நகரில் போன் அடித்துக்கொண்டிருக்கும் வரை எங்களுக்குக் கழிவு கிடையாது. என்றுமே சிக்னல் இல்லாத வீட்டுக்கு முடக்கம் என்ற பேச்சே இல்லை, ஏனென்றால் ஓடாத ஒன்று நிற்க முடியாது அல்லவா!

பிடிக்கவில்லையென்றால் வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள் என்பார்கள். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்தது. 1900க்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, வரும் குறியீட்டைப் புதிய நிறுவனத்திடம் கொடுத்தால் போதும். ஆனால் மாறினால் முன்பணத்தில் மிச்சமிருப்பது போய்விடும். நான் கட்டியது ஓராண்டுப் பணம். என் பங்கை முதல் நாளே முழுதாகக் கொடுத்துவிட்டேன், பாக்கி இருப்பது அவர்கள் பங்கு மட்டும். அவர்கள் அதைத் தராததால் நான் வெளியேறினால், நஷ்டம் எனக்கு. இந்தக் கணக்கு எந்தச் சந்தையில் செல்லும் என்று தெரியவில்லை. நெல் விதை மூட்டையில்கூட முளைப்புத்திறன் குறைந்தது 80 சதவீதம் என்று அச்சிட்டுத்தான் விற்கிறார்கள்.

ஆகவே கழிவுக்கான அளவை மாவட்டத்திலிருந்து கோபுரத்துக்கு இறக்குங்கள். வாடிக்கையாளர் பதிவு செய்த முகவரியில், வீட்டுக்குள், சிக்னல் இல்லை என்று புகார் வந்தால் நிறுவனம் ஆளனுப்பி அங்கேயே அளந்து, அந்த எண்ணிக்கையை அவர் கையில் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லை என்று தெரிந்தால் மிச்ச நாட்களுக்கான பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவரைப் போக விட வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான். புதிய கோபுரம்கூடக் கேட்கவில்லை. அது வந்தால் நல்லது.

தனிப்பட்ட புகார்களை ஆணையம் விசாரிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். அதற்காக நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவிருக்கிறேன். தொலைபேசிச் சேவைக்கு 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் இருக்கிறது, நுகர்வோர் மன்றத்துக்கு வர முடியாது என்று முன்பெல்லாம் சொல்லித் திருப்பிவிடுவார்கள். 2022 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடை இல்லை என்று தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவை என்பதன் விளக்கத்திலேயே தொலைத்தொடர்பு என்ற சொல் இருக்கிறது. குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். எங்கள் ஊரில் இன்னும் பதினோரு வீட்டுக்காரர்கள் புகார் எண்களைக் குறித்து வைத்திருக்கிறார்கள். தகப்பனாரின் பழைய நோட்டில் எழுதாத பக்கங்கள் நிறைய இருந்தன. அதில்தான் காலையும் மாலையும் ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை கோடு என்று எழுதி வருகிறோம்.

உங்கள் அதிகாரிகள் யாரையாவது கருவியோடு அனுப்புங்கள். ஐப்பசி மழையில், மின்சாரம் போன பிறகு வந்தால் இன்னும் நல்லது. வருவதற்கு முன் எனக்குப் போன் செய்து வழி கேட்க வேண்டாம், கிடைக்காது. வாய்க்கால் கரையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யாராவது நின்றுகொண்டிருப்பார்கள். அவர்களைக் கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள்.

இப்படிக்கு,
கடைமடை வாடிக்கையாளன் ஒருவன்