பான் கி மூன்: கட்டுரையில் விடுபட்டவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஐ.நா. முன்னாள் பொதுச்செயலர் பான் கி மூன் பற்றிய தங்கள் இதழின் கட்டுரை, 2015 டிசம்பரில் நிறைவேறிய பாரிஸ் பருவநிலை உடன்படிக்கையில் அவருக்கிருந்த பங்கை விரிவாகச் சொல்லியிருந்தது. அது அவருக்குச் சேர வேண்டிய பெருமைதான். ஆனால், 1970இல் தென் கொரிய வெளியுறவுத் துறையில் சேர்ந்து, புதுடெல்லியில் முதல் வெளிநாட்டுப் பணியைத் தொடங்கிய அந்த மனிதரின் வாழ்வில் இரண்டு கட்டங்களைக் கட்டுரை தொடவே இல்லை.

முதலாவது 2001. அவ்வாண்டு பிப்ரவரியில் ரஷ்ய அதிபர் புதின் சியோல் வந்தபோது வெளியான கூட்டறிக்கை, அமெரிக்காவும் சோவியத் யூனியனும் செய்துகொண்ட ஏவுகணை எதிர்ப்பு ஒப்பந்தத்தைப் பேணிக் காக்க வேண்டும் என்றது. அதிலிருந்து விலக எண்ணியிருந்த அமெரிக்காவின் புஷ் அரசு முகஞ்சுளித்தது. இதனால், துணை வெளியுறவு அமைச்சராக இருந்த பான் பதவியிழந்தார். அதே ஆண்டு ஐ.நா. பொதுச்சபைத் தலைவரான கொரியர் ஹான் சியுங் சூ, தம் அலுவலகத்தை நடத்த அவரை நியூயார்க்கிற்கு அழைத்துக்கொண்டார். அரசுகளின் மனம் கோணாமல் பேச வேண்டும் என்ற எச்சரிக்கை அந்த அனுபவத்தில்தான் அவருக்குள் இன்னும் இறுகியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

இரண்டாவது 2009. அந்த எச்சரிக்கைக்கு மிகப் பெரிய விலை கொடுத்தவர்கள் இலங்கையின் வன்னி மக்கள். இலங்கை உள்நாட்டுப் போர் முடிந்த சில நாள்களில், 2009 மே 23 அன்று, அவர் இடம்பெயர்ந்தோர் தங்கவைக்கப்பட்டிருந்த செட்டிகுளம் மெனிக் பார்ம் முகாமுக்குச் சென்றார். போர் நடந்த கடற்கரையை வானிலிருந்து பார்வையிட்டார். அதற்கு முந்தைய மாதங்களில், தன் ஊழியர்கள் திரட்டிய உயிரிழப்புக் கணக்கை ஐ.நா. வெளியிடாமல் வைத்திருந்தது. இதை, ஐ.நா.வின் செயல்பாட்டை ஆராய அவரே அமைத்த சார்ல்ஸ் பெட்ரி குழுவின் அறிக்கை 2012இல் பட்டவர்த்தனமாகச் சொன்னது. அதற்கு முன், மர்சுகி தருஸ்மன் தலைமையில் அவர் நியமித்த நிபுணர் குழு, 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை என 2011இல் அறிவித்தது. கொழும்பின் கடும் எதிர்ப்பை மீறி தருஸ்மன் குழுவை அமைத்ததும், தம் நிறுவனத்தையே குற்றஞ்சாட்டிய பெட்ரி அறிக்கையை வெளியிட்டதும் அவருடைய நேர்மைக்குச் சான்று. இருப்பினும், அந்த உறுதி 2009 ஜனவரியிலேயே வெளிப்பட்டிருக்க வேண்டும்.

தமிழில் வரும் ஓர் இதழ் அவரைப் பற்றி எழுதும்போது இந்த இரண்டு அறிக்கைகளையும் ஒதுக்கிவிடுவது சரியல்ல. அவற்றை மையமாக வைத்து மற்றொரு கட்டுரை வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், மதுரை