மண் கடிக்காத கருவாடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுதொழில் செய்பவர்கள் பொருளை எப்படி விற்பது என்று உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஃபேஸ்புக்கில் பக்கம் தொடங்கு, காசு கட்டி விளம்பரம் போடு என்றுதான் அது ஆரம்பிக்கிறது. நான் பாம்பனில் ஒன்பது வருடமாகக் கருவாடு விற்கிறவள். அந்த வழியில் போய் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டதால் எழுதுகிறேன்.

இரண்டாயிரம் ரூபாய் கட்டிப் போட்ட விளம்பரத்துக்கு லைக் வந்து குவிந்தது. ஆர்டர் இரண்டே இரண்டு. அதில் ஒருவர் தேனிக்காரர், அரை கிலோ நெத்திலி வாங்கினார். அடுத்த மாதம் நானே போன் போட்டு, "ஏண்ணே, மறுபடி வாங்கல?" என்று கேட்டேன். இழுத்து இழுத்துச் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்கக்கா, ருசியெல்லாம் சரிதான். நறநறன்னு மண்ணு கடிக்குது."

சுருக்கென்றது. அம்மா காலத்திலிருந்து கடற்கரை மணலில் விரித்துத்தான் காயப்போட்டு வந்தோம். நாலு தண்ணீர் அலசிவிட்டுக் குழம்பு வைக்கிற எங்களுக்கு மண் ஒரு பொருட்டே இல்லை. வெளியூர்க்காரர்களுக்கு முதல் பயமே அதுதானாம். பழைய வலையைச் சவுக்குக் கம்புகளில் இழுத்துக் கட்டி, இடுப்பு உயரத்தில் பரண் போட்டோம். அடியிலும் காற்று போவதால் சீக்கிரம் காய்கிறது, நாய்த் தொல்லையும் ஒழிந்தது. பாக்கெட் ஸ்டிக்கரில் 'தரமானது, சுவையானது' என்று இருந்ததை எடுத்துவிட்டு 'மணலில் காயப்போடாதது' என்று போட்டேன். தரமானது என்று எல்லாரும்தானே போடுகிறார்கள்! இப்போது வண்டியை நிறுத்துகிறவர்கள் அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் விலை கேட்கிறார்கள்.

இடம் பிடிப்பதிலும் ஒரு கூத்து நடந்தது. கூட்டம் உள்ள இடத்தில் வியாபாரம் ஓடும் என்று நினைத்து ராமேசுவரம் கோயில் பக்கம் ஒரு வாரம் கடை போட்டேன். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத்துணியோடு வந்த வடநாட்டு யாத்ரீகர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? பாலத்தில் கடல் பார்க்க இறங்குகிற மதுரை வேன் பத்து வந்தால் போதும் எனக்கு.

விலையில்தான் ரொம்ப நாள் ஏமாந்தேன். என் கணக்கில் நாலு கிலோ பச்சை நெத்திலி காய்ந்தால் ஒரு கிலோ தேறும். மீன், உப்பு, ஆட்டோ, கவர் எல்லாவற்றையும் கூட்டியவள், என் கூலியைச் சேர்க்காமலே மூன்று வருடம் விற்றிருக்கிறேன். சேர்த்து விலையை ஏற்றியபோது வயிற்றைக் கலக்கியது. கூடவே 100 கிராம் பாக்கெட்டும் வைத்தேன். ருசி பார்க்க வருகிறவர் எடுத்த எடுப்பில் கிலோவா வாங்குவார்?

அப்புறம் வாட்ஸ்அப். ஒரே செய்தியைப் பலருக்கும் அனுப்புகிற பிராட்காஸ்ட் பட்டியலில் பெயரைச் சேர்த்தால் மட்டும் போதாது, அவர்கள் போனில் நம் எண் சேவ் ஆகியிருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். இது தெரியாமல் ஒரு வருடம் காற்றிடம் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது பாக்கெட்டைக் கொடுக்கும்போதே, "பாம்பன் கருவாட்டு அக்கான்னு போட்டுக்கோங்க" என்று என் கண் முன்னால் பதிய வைக்கிறேன். புரட்டாசியில் பாதிப் பேர் கவிச்சி தொட மாட்டார்கள். அது முடிகிற வாரம், "மழை வந்தால் ஒழுங்காகக் காயாது, அனுப்ப மாட்டேன், கையில் இருப்பது இவ்வளவுதான்" என்று ஒரு செய்தி போடுவேன். வருடத்திலேயே அந்த வாரம்தான் ஆர்டர் அதிகம்.

சென்ற வருடம் விற்பனைப் பயிற்சி ஒன்றுக்குப் போனேன். ஏசி ஹால், பெரிய சோப்புக் கம்பெனி உதாரணம், நல்ல சாப்பாடு. கூலியை எப்படி விலையில் சேர்ப்பது என்று ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகு கடலுக்குப் போகாது, எங்களுக்கும் கை சும்மா இருக்கும். வகுப்பை அப்போது பாம்பன், மண்டபம், தொண்டி என்று கரையிலேயே வைக்கட்டும். கருவாடு, கருப்பட்டி, சிப்பி மாலை விற்கிற பெண்கள் தங்கள் பாக்கெட்டையும் கணக்கு நோட்டையும் எடுத்து வரட்டும். பரண் கட்டிக் காட்டக் கம்பும் வலையும் நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
கருவாட்டு வியாபாரி ஒருத்தி,
பாம்பன்.