குழாய்க் கிணறு அடிக்க முன் கூரைத் தண்ணீரைக் கவனியுங்கள்

ஆசிரியருக்கு,

வைகாசி பிறந்தால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்துக் கிணறுகள் இறங்கத் தொடங்கும். ஆவணியில் சில வளவுகளில் வாளி அடித்தரையைத் தட்டும். இதற்கு இப்போது எடுத்த எடுப்பில் சொல்லப்படும் வைத்தியம் குழாய்க் கிணறு. கட்டுக்கிணற்றின் அடியிலேயே துளையிட்டு இறக்குவோரும் உண்டு. வன்னியின் கருங்கற் பாறையில் சரிவரும் வேலை குடாநாட்டில் ஏன் சரிவராது என்பதையும், அதே காசில் பாதிக்கும் குறைவாகச் செய்யக்கூடிய இன்னொரு வேலையையும் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் காலுக்குக் கீழே இருப்பது சுண்ணக்கல். அதன் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் மழைத்தண்ணீர் தேங்கி, கடலிலிருந்து உட்புகுந்த உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்குதான் பாரம் கூடியது. ஆகையால் கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். கணக்கு மறுபக்கமும் ஓடும். மேலே 1 அடி இறைத்துக் குறைத்தால், காலப்போக்கில் கீழிருந்து உவர் 40 அடி ஏறப் பார்க்கும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீரும் இருப்பது எல்லோரும் அறிந்ததே. குழாய்க் கிணறு அடிப்பவர் அந்த ஆழத்து உப்புக்குத்தான் வழி வெட்டுகிறார். ஒருமுறை உவர் ஏறினால் அடுத்த மாரியோடு அது இறங்கிவிடும் என்று எவரும் உத்தரவாதம் தரமுடியாது. பக்கத்து வளவுக் கிணறும் சேர்ந்தே கெடும்.

குடாநாட்டில் வருடம் பெய்வது ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்க்கிறது. 1,000 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால், சிதறலும் ஓடு உறிஞ்சுவதும் போக 7,400 லீற்றர் வரை கையில் வரும். முற்றத்துக்குச் சீமெந்தும் கல்லும் பதித்த வீடுகளில் இந்தத் தண்ணீர் படலைக்கு வெளியே ஓடி, வெள்ளவாய்க்கால் வழியே கடல்நீரேரிக்குப் போகிறது. வெள்ளம் என்று கார்த்திகையில் முறையிடுவதும் தண்ணீர் இல்லையென்று ஆவணியில் முறையிடுவதும் ஒரே தண்ணீரைப் பற்றித்தான்.

செம்மண் வளவில் அதை நிலத்துக்குள் விடுவதற்கு 4 அடி நீளம், 4 அடி அகலம், 5 அடி ஆழத்தில் ஒரு குழி போதும். கிணற்றிலிருந்து 20 அடியாவது தள்ளி வெட்டவேண்டும். மலசலகூடக் குழியிலிருந்து எவ்வளவு விலக்க முடியுமோ அவ்வளவு விலக்கவேண்டும். வெட்டியதும் ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஓரிரு மணித்தியாலத்தில் இறங்கினால் இடம் நல்லது, மறுநாளும் நின்றால் வேறு இடம் பாருங்கள். அடியில் இரண்டரை அடிக்கு ஒன்றரை அங்குலச் சல்லி, அதன்மேல் ஒரு அடிக்கு முக்கால் அங்குலச் சல்லி, அதற்கு மேல் நைலோன் வலை விரித்து ஒரு அடிக்குப் பருமணல். மேலே அரை அடி வெறுமையாக இருக்கட்டும். இப்படி நிரப்பிய குழியில் ஒரே நேரத்தில் நிற்பது 900 லீற்றர்தான், மிச்சம் ஊறிப் போகவேண்டும். இப்போதைய மழை ஒரு மணித்தியாலத்தில் கொட்டிவிட்டுப் போகிற மழை. ஆகவே மேல்விளிம்பில் ஒரு வழிவுக் குழாய் வைத்து வாழைப் பாத்திக்கோ தென்னைக்கோ திருப்பிவிடுங்கள். அது இல்லாத குழி முதல் பெருமழையிலேயே மணலை மேலே கிளப்பிவிடும்.

பிழைகள் பெரும்பாலும் சாமானில்தான் தொடங்குகின்றன. மலிவென்று சல்லித்தூள் கலந்த கல்லைப் போட்டால் அது நனைந்து இறுகி, குழி தொட்டியாகிவிடும். கடற்கரை மணலில் உப்பு இருக்கும், மணற்காட்டுப் பக்கத்து மணல் மிக நுண்ணியது, விரைவில் அடைத்துக்கொள்ளும். இன்னொன்று, முதல் மழைத் தண்ணீரை ஒதுக்கும் ஏற்பாடு. 4 அங்குலக் குழாயை மூன்றடிக்கு நிமிர்த்தி மூடிவிட்டு, முதல் மழை ஒதுங்கிவிடும் என்கிறார்கள். அதில் கொள்வது 8 லீற்றர் அளவில்தான். 1,000 சதுர அடிக் கூரையின் தூசியும் காக்கை எச்சமும் கழுவுப்பட குறைந்தது 50 லீற்றராவது ஓடவேண்டும். 100 லீற்றர் பரல் ஒன்றை வைத்து, அடியில் ஒரு சிறு துளை விட்டால், மழைக்கு மழை தானாக வடிந்து அடுத்த மழைக்குத் தயாராக இருக்கும். நுளம்புக்கும் இடமில்லை. கூரைப் பீலிக்கு 10 அடிக்கு ஒரு அங்குலமாவது சாய்வு கொடுங்கள். வேம்பும் பூவரசும் நிற்கும் வளவில் முழங்கை வளைவுதான் முதலில் அடைபடும், அங்கே கழற்றிக் கழுவக்கூடிய மூடி வேண்டும். வருடம் ஒருமுறை, ஐப்பசிக்கு முன், மேல்மணலை அள்ளிக் கழுவிப் போடாவிட்டால் மூன்றாம் வருடம் குழி வேலை செய்யாது.

கூரைத் தண்ணீரை நேரே கிணற்றுக்குள் விடுவதும், கல்லில் பொந்து தெரியும்வரை குழியைத் தோண்டுவதும் ஒரே தவறு. மண்தான் வடிகட்டி. சுண்ணக்கல் எதையும் வடிகட்டாது, எதைக் கொடுத்தாலும் கொண்டுபோய்ச் சேர்க்கும். சுன்னாகத்தில் கழிவு எண்ணெய் கிணறுகளுக்குப் பரவிய விவகாரம் 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை போனதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மலசலகூடத்துக்கும் கிணற்றுக்கும் 50 அடி என்ற வழக்கமான தூரத்தை இந்தக் கல்லில் அப்படியே நம்பவும் முடியாது. இரண்டு பரப்பே உள்ள சிறு வளவுகள் பெருகிய இடங்களில் அந்தத் தூரமே கிடைப்பதில்லை. அடி சீமெந்து பூசாத குழிகளை, அடைத்த தொட்டியாக மாற்றுவதுதான் அங்கே முதல் வேலை.

எல்லா இடத்துக்கும் குழி பொருந்தாது. மாரியில் தண்ணீர் நிலமட்டத்துக்குக் கிட்ட வந்துவிடும் தாழ்நிலங்களில் ஐந்தடி வெட்டினால் குழிக்குள் தண்ணீர் ஊறும், உள்ளே போகாது. அங்கே முழங்கால் ஆழத்தில் அகன்ற பள்ளம் ஒன்றே போதும். தீவகத்தில் நன்னீர்ப் படை மெல்லியது. அங்கும், பசளையிலிருந்து இறங்கும் நைத்திரேற்று மிகுந்த தோட்டக்காணிக் கிணறுகளிலும், குடிக்கவென்று கூரைத் தண்ணீரைத் தாங்கியில் சேர்ப்பதே நல்லது. நால்வர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லீற்றர் என்றால் 5,000 லீற்றர்த் தாங்கி 250 நாள் வரும். நைத்திரேற்றுக்கு இலங்கைத் தரம் லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேலுள்ள தண்ணீரைக் கொதிக்க வைப்பதால் பயனில்லை. நீர் ஆவியாகப் போக நைத்திரேற்றின் செறிவு கூடத்தான் செய்யும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீடுகள் இதைக் கட்டாயம் கவனிக்கவேண்டும்.

அந்த நைத்திரேற்றில் பெரும்பங்கு வெங்காயப் பாத்திகளிலிருந்தும் வருகிறது. யூரியாவை ஒரே தடவையில் எறிந்து, அடுத்த நாள் பாத்தி நிறைய இறைத்தால் பசளை வேரைத் தாண்டி நேரே கிணற்றுக்குப் போகும். மூன்று நான்கு தடவையாகப் பிரித்துப் போடுவதும், தூவல் முறையில் இறைப்பதும், பழைய ஆட்கள் செய்ததுபோல் பூவரசங் குழை தாழ்ப்பதும் பசளைச் செலவையும் குறைக்கும். மோட்டரை விடியவிடிய ஒரே மூச்சில் ஓடவிடாமல், காலையும் மாலையுமாகப் பிரித்து இறைப்பது உவர் மேலெழுவதைத் தடுக்கும். உறிஞ்சு குழாயின் வாயைக் கிணற்றின் அடியிலிருந்து மூன்றடியாவது உயர்த்தி வையுங்கள்.

குளங்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தூர்வாருவது நல்ல வேலை. ஆனால் குளத்தை ஆழமாக்கி, கரையைச் சுற்றி நடைபாதையும் விளக்கும் வைத்துவிட்டு, அதற்கு வரும் வாய்க்காலின் மதகை யாரோ ஒருவரின் மதில் மூடியிருப்பதை விட்டுவிட்டால் குளம் அழகாகக் காய்ந்து கிடக்கும். அடியிலும் கரையிலும் சீமெந்து பூசினால் தண்ணீர் நிற்கும், நிலத்துக்குள் இறங்காது. அள்ளும் வண்டலைச் செம்மண் தோட்டத்துக்குக் கொடுக்கலாம்.

தாளையடியில் 2024இல் திறக்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் குடிநீருக்கு உதவும். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் வாழைக்கும் அதிலிருந்து இறைக்க முடியாது. குழாய்த்தண்ணீர் வந்த வீடுகள் கிணற்றை மறக்கும் என்பதே என் பயம்.

ஒரு வீட்டின் குழி அந்த வீட்டுக் கிணற்றை உயர்த்தாது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நிலத்துக்குள் விட்ட தண்ணீர் கல்லின் வழியே கடலுக்கு நகர்ந்துகொண்டே இருக்கும், கடலோரக் கீரிமலைக் கேணியில் ஊறுவதும் அப்படிப் போகும் தண்ணீர்தான். ஒரு குறிச்சியின் கூரைகள் எல்லாம் சேர்ந்தால்தான் ஆவணியில் வித்தியாசம் தெரியும். ஆகவே இதைத் தனியாட்களின் விருப்பத்துக்கு விட்டுவிட முடியாது. நாட்டில் 2005 முதலே தேசிய மழைநீர்க் கொள்கை ஒன்று உண்டு. பிரதேச சபைகள் வீட்டு வரைபடத்துக்கு அனுமதி கொடுக்கும்போது கழிவுக் குழியைக் காட்டச் சொல்வதுபோல் மழைநீர்க் குழியையும் காட்டச் சொல்லலாம். கட்டி முடித்தபின் பார்க்க வரும் உத்தியோகத்தர் பீலியையும் பரலையும் வழிவுக் குழாயையும் நேரில் பார்த்த பிறகே கையெழுத்து வைக்கவேண்டும். குழாய்க் கிணறு அடிக்கும் லொறி ஒழுங்கைக்குள் வந்தால் அதற்கு யார் அனுமதி கொடுத்தது என்று கேட்கும் பொறுப்பும் சபைக்கு இருக்கிறது. ஐப்பசிக்கு முன் இதை ஒரு தீர்மானமாக எடுக்குமாறு வலிகாமத்துச் சபை உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நீர்ப்பாசன உத்தியோகத்தர்,
உடுவில்